சேமியா வால் தூக்கிய மாலை

ரூபீனாவின் பூனைக்குப் பெயர் சேமியா. உடம்பெல்லாம் வெள்ளை, முதுகிலும் வாலிலும் மட்டும் நெய்யில் வறுத்தது போல லேசான பழுப்பு. அதைப் பார்த்து வைத்த பெயர்தான். ஆழ்வார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ரூபீனாவும் சேமியாவும் இருந்தார்கள். ரூபீனா ராயப்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். அவளுக்கு நேர் கீழே, முதல் மாடியில், நீரஜாவும் அவள் கணவன் பரத்வாஜும் பதினோரு வயது மகள் ஹம்சினியும்.

அந்த வெள்ளிக்கிழமை ஏ.சி. பழுது பார்க்க வந்தவர் பால்கனிக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டார். சேமியா வெளியே வந்து சன்ஷேடில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மனையில் லாரியிலிருந்து தகரங்களை மொத்தமாகத் தள்ளினார்கள். தெருவே திரும்பிப் பார்த்த சத்தம் அது. எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடிய சேமியா, சன்ஷேடு சன்ஷேடாகக் கீழே குதித்து, மதில் சுவரைத் தாண்டி, சத்தம் வந்த இடத்துக்கே போய் விழுந்தது.

அங்கே இருந்தது ஒரு பழைய தனி வீடு. இடிக்கப் போகிறார்கள். கதவு, ஜன்னல், மின்விசிறி, குழாய் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரும் கூரையும் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை காலையில் அவற்றையும் தள்ள இயந்திரம் வருகிறது.

சனிக்கிழமை முழுவதும் ரூபீனா தேடினாள். வீட்டின் பின்கட்டில், சாமான் அறையில், பழைய மரக்கட்டைகளை ஒரு சுவருக்கு முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இருட்டில் சேமியா. கூப்பிட்டாள், கெஞ்சினாள், பொரித்த மீனை வைத்துப் பார்த்தாள். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழுத கண்ணோடு மாடியிறங்கி வந்து நீரஜா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நீரஜாவுக்குப் பூனை மேல் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. சேமியாவைப் பற்றி அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான். தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை ஹம்சினி மாடியில் அந்தப் பூனையோடு உட்கார்ந்திருப்பாள். அது பேச்சுப் பயிற்சியில் ஒரு மணி நேரம் குறைவு.

ஹம்சினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு காதிலும் மெஷின் உண்டு. கதவு அறைவதும் இடி இடிப்பதும் அதன் வழியாக ஏதோ அதிர்வாகத் தெரியும், பேச்சு தெரியாது. “கையால பேச விட்டா வாயால பேச வராது” என்று அவளுடைய இரண்டாவது வயதில் ஒரு பயிற்சியாளர் சொன்னதை நீரஜா அப்படியே பிடித்துக்கொண்டாள். குழந்தை கையைத் தூக்கும்போதெல்லாம் மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கி, தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவாள். பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திவிட்டு வந்து, முகம் கழுவியதும் கண்ணாடி முன்னால் மகளோடு உட்கார்ந்துவிடுவாள். ப, ம, வ. ஒன்பது வருஷமாக இதே வேலை. ஹம்சினிக்கு இப்போது முந்நூறு வார்த்தை போல வரும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அவை புரியும். அவர்களுக்கும் எல்லாம் புரியாது.

பள்ளி வேனில் மற்றப் பிள்ளைகளோடு அவள் கையால் படபடவென்று பேசுவதை நீரஜா பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறாள். வேன் தெருமுனையில் திரும்பி வாசலில் வந்து நிற்பதற்குள் அந்தக் கைகள் மடிமேல் போய் அடங்கிவிடும்.

ரூபீனா, நீரஜா, ஹம்சினி மூன்று பேருமாகப் பக்கத்து மனைக்குப் போனார்கள். இடிக்கிற வேலைக்கு மேஸ்திரியாக இருந்த துரைராஜ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் கட்டையை மட்டும் எடுத்துக் குடுக்க முடியுமா?” என்று நீரஜா கேட்டாள்.

“எடுக்கலாம் மேடம். எடுத்தா செவுரு நம்ம மேல வந்துரும். அந்தக் கட்ட மேலதான் செவுரே நின்னுக்கினு கீது.” அவர் எழுந்து வந்தார். “காலைல ஏழு மணிக்கு வண்டி வந்துரும். நானும் இன்னா பண்ண முடியும், சொல்லுங்க. இருங்க, ஒரு குச்சி வுட்டுப் பாக்கறேன். அந்தாண்ட பக்கமா வெளிய வந்துரும்.”

சாமான் அறையில் மேற்குப் பக்கம் ஜன்னல் இருந்த இடம் இப்போது வெறும் ஓட்டை. அதன் வழியாக வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கட்டைகளுக்கு இடையில் ஒரு சாண் இடைவெளி. நீரஜா குனிந்து பார்த்தாள். உருண்டையாக ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

“சேமியா... சேமியாம்மா... வாடா கண்ணு” என்று ரூபீனா குரல் கொடுத்தாள். “அக்கா, பேரைச் சொன்னா கடைசி ரூம்லேர்ந்து ஓடி வரும். இப்ப என் குரல் கேட்டாலே உள்ள போகுது. என்ன ஆச்சுன்னே தெரியல.”

துரைராஜ் குச்சியை விட்டு ஆட்டினார். உள்ளே ஒரு சீறல். வெள்ளை உருண்டை இன்னும் ஒரு முழம் பின்னால் போய்விட்டது.

ஹம்சினி பாய்ந்து அவர் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். “வா” என்றாள் உரக்க. “வா. வா.” இடைவெளியைச் சுட்டிக் காட்டினாள். மறுபடியும், “வா.”

“பாப்பாவும் கூப்புட்டுப் பாக்குது” என்றார் துரைராஜ்.

“கத்தாதே ஹம்சினி. ஏற்கெனவே பயந்துண்டிருக்கு” என்று நீரஜா உதட்டை விரித்துச் சொன்னாள்.

ஹம்சினி தலையை வேகமாக ஆட்டினாள். இல்லை, அது இல்லை என்கிற மாதிரி. கைகள் மேலே எழுந்தன. நீரஜா பழக்க தோஷத்தில் அவற்றைப் பிடித்து இறக்கினாள். ஹம்சினி அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நீரஜா நினைத்தாள். ரூபீனாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள். வீட்டில் ஹம்சினி கூடத்துத் தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, கறுப்பு சார்ட் ஒன்றை விரித்து, வெள்ளைப் பென்சிலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கத்தரிக்கோல்.

“இப்போ கைவேலை பண்ற நேரமா?” என்று நீரஜா அவள் முன்னால் குனிந்து கேட்டாள்.

ஹம்சினி நிமிர்ந்தாள். பள்ளிப் பையை இழுத்து, அதிலிருந்து ஒரு ரஃப் நோட்டை எடுத்து அம்மா மடியில் போட்டாள். கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பு என்று விரலால் காட்டிவிட்டு மறுபடியும் வெட்டத் தொடங்கினாள்.

நோட்டின் பின்பக்கத்தில் எழுத்தே இல்லை. எல்லாம் பூனைகள். சரியாகச் சொன்னால், எல்லாம் ஒரே பூனை. உடம்பை இரண்டு கோட்டில் முடித்துவிட்டு வாலை மட்டும் அவ்வளவு கவனமாக வரைந்திருந்தாள். ஒரு பக்கத்தில் கடிகாரம் ஆறு மணி காட்டுகிறது. கதவுக்கு வெளியே ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். கதவுக்கு உள்ளே சேமியா, வால் கம்பு போல நேராக, நுனி மட்டும் குடைக் காம்பு மாதிரி வளைந்து. அடுத்த பக்கத்தில் தட்டில் மீன். அதே நேரான வால்தான், ஆனால் பக்கத்தில் சின்னச் சின்ன வளைகோடுகள் போட்டு அது நடுங்குவதாகக் காட்டியிருந்தாள். குக்கர் வரைந்த பக்கத்தில் வால் பாட்டில் கழுவும் பிரஷ் போல உப்பியிருந்தது. ஜன்னலில் புறா, வால் தரையில் இப்படியும் அப்படியும் அடிக்கிறது. துணிமூட்டையோடு இஸ்திரிக்காரர் வாசலில் நிற்கிறார்; வால் கால்களுக்கு நடுவில் போய், வயிற்றோடு ஒட்டியிருக்கிறது.

இப்படி நாற்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. நீரஜா மகளைப் பார்த்தாள். ஹம்சினி உதட்டைச் சேர்த்து, நாக்கை மேலே தொட முயன்று, “வா” என்றாள். கடைசியில் ஏதோ ஒன்று தொண்டையிலேயே நின்றுவிட்டது.

வால். அங்கே அவள் பூனையைக் கூப்பிடவில்லை. வாலைப் பாருங்கள், வாலைப் பாருங்கள் என்று மூன்று பெரியவர்களிடம் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்பது வருஷமாக ‘ல்’ வரவில்லை. அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை மாலை கண்ணாடி முன்னால் போயிருக்கிறது என்று நீரஜாவுக்குத்தான் தெரியும்.

அவள் மேலும் புரட்டினாள். கடைசியாக வரைந்திருந்த நாலு பக்கங்களில் சேமியாவோடு இன்னொரு பூனையும் இருந்தது. முழுக்கக் கறுப்பாகத் தீட்டிய பூனை. கறுப்புப் பூனையின் நான்கு மூலையிலும் சின்னச் சதுரங்கள். அவை பசை நாடா என்பது நீரஜாவுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது. ரூபீனா வீட்டுச் சுவரில் காகிதப் பூனையை ஒட்டியிருக்கிறாள். ஒரு நாள் அதன் வால் மேலே. சேமியா தானும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து மூக்கோடு மூக்கு வைக்கிறது. இன்னொரு நாள் அதே காகிதப் பூனை, அதே சுவர், வால் மட்டும் கீழே. சேமியா எட்டவே நிற்கிறது. மறுபடியும் மேலே. மறுபடியும் கீழே. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. மேலே என்றால் டிக், கீழே என்றால் பெருக்கல் குறி. எட்டுத் தடவை.

நீரஜா அந்த நாலு பக்கங்களையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, திரும்பத் திரும்பச் செய்து பார். இதைத்தான் அவள் வருஷா வருஷம் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். பாதிப் பேருக்கு அது மண்டையில் ஏறுவதில்லை. இந்தக் குழந்தைக்கு யார் சொன்னார்கள்? கேட்டிருக்கவும் முடியாதே.

அதைவிட ஆச்சரியம், அந்தப் பூனை. வெறும் கறுப்புக் காகிதம். மணம் இல்லை, அசைவு இல்லை, கண் கூட இல்லை. வால் நிமிர்ந்திருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து, எதிரில் நிற்பது நல்ல மனசோடு வந்திருக்கிறது என்று அது முடிவு செய்திருக்கிறது. தெருவில் எத்தனை பூனை குறுக்கே போயிருக்கும், எத்தனை வால் கண்ணில் பட்டிருக்கும். ஒரு தடவையாவது அது ஒரு பேச்சு என்று தோன்றியதுண்டா?

ஹம்சினி வெட்டி முடித்துவிட்டாள். நிஜப் பூனை அளவில் ஒரு கறுப்புப் பூனை. வால் நேராக மேலே. நுனியை வளைக்கும்போது மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டு மெதுவாக வெட்டினாள்.

திரும்பிப் போனபோது மணி ஐந்தரை. ரூபீனா தரையில் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஹம்சினி நேரே போய்த் தன் உள்ளங்கையை அவள் வாயின் மேல் வைத்தாள். பிறகு துரைராஜைப் பார்த்து, அறைக்கு வெளியே போகும்படி கையைக் காட்டினாள்.

“இன்னா மேடம், நான் வெளிய போணுமா?”

“ஆமாங்க. கொஞ்சம். நாங்களும் வரோம்” என்றாள் நீரஜா. ரூபீனாவைத் தோளில் தொட்டு எழுப்பினாள். “அவ சொல்றபடி விடு. அவளுக்குத் தெரியும்.”

கதவில்லாத வாசலுக்கு வெளியே மூவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். போகும் முன் நீரஜா ஒரு முறை குனிந்து கட்டைகளுக்கு நடுவே பார்த்தாள். இந்தத் தடவை உருண்டையைப் பார்க்கவில்லை, வாலைத் தேடினாள். அது கால்களைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தது. ரூபீனா மூக்கை உறிஞ்சிய சத்தத்துக்கு நுனி மட்டும் வெட்டிவெட்டி இழுத்தது. கூப்பிடக் கூப்பிட அது ஏன் உள்ளே போயிற்று என்று நீரஜாவுக்கு அப்போது புரிந்தது. இரண்டு நாளாக அதைப் பயமுறுத்தியதெல்லாம் சத்தம்தான். ரூபீனாவின் அழுகைக் குரலும் அதில் ஒன்றாகப் போயிருந்தது.

ஹம்சினி காகிதப் பூனையை எதிர்ச்சுவரில், வெயில் படும் இடத்தில், தரையை ஒட்டினாற்போல் ஒட்டினாள். ஒரு அடி தள்ளி, கட்டைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அசையவில்லை.

பத்து நிமிஷம் ஆயிற்று. எங்கோ ஆட்டோ போயிற்று. வெயில் காகிதப் பூனையின் காலிலிருந்து வயிறு வரை ஏறியது. துரைராஜ் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, ஒலியை அணைத்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தார்.

இருபது நிமிஷம். கட்டைகளின் இடைவெளியில் முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு தலை. சேமியா காகிதப் பூனையைப் பார்த்தது, பார்த்தபடியே நின்றது. உடம்பு தாழ்ந்திருந்தது, வால் தரையோடு இழுபட்டது. ஒரு காலை எடுத்து வைத்தது. நின்றது. இன்னொரு கால்.

அப்புறம் அந்த வால் எழுந்தது. சட்டென்று அல்ல. அடிப்பகுதி முதலில், பிறகு நடு, கடைசியாக நுனி என்று, யாரோ உள்ளேயிருந்து கயிறு கட்டி இழுப்பது போல மெதுவாக எழுந்து நேராக நின்றது. நுனி லேசாக வளைந்தது. நீரஜா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சுவரில் ஒரு வால், அதற்கு எதிரே அதே மாதிரி ஒரு வால். ஒன்று காகிதம், ஒன்று உயிர். ஒன்று சொன்னதற்கு மற்றது பதில் சொல்லிவிட்டது. அதை நாலு கஜ தூரத்தில் நின்று அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்.

சேமியா போய்க் காகித மூக்கில் மூக்கை வைத்தது. பக்கவாட்டில் நடந்து வால் பக்கம் முகர்ந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சற்று நேரம் யோசிப்பது போல நின்றது. ரூபீனா முன்னால் பாயப் போனாள். நீரஜா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

ஹம்சினி திரும்பவில்லை. ஆனால் முழங்கையை முட்டியின் மேல் ஊன்றி, கையை நேராகத் தூக்கி, மணிக்கட்டை மட்டும் லேசாக மடக்கினாள். சேமியா அந்தக் கையைப் பார்த்தது. வால் இறங்கவில்லை. நேரே அவளிடம் வந்து அவள் முதுகில் தலையை முட்டி, உடம்பை உரசி, சுற்றி வந்து மடியில் ஏறியது. அப்போது அதன் வால் அடியிலிருந்து நுனிவரை நடுங்கியது. மீன் தட்டின் பக்கத்தில் வரைந்திருந்த அந்தச் சின்ன வளைகோடுகள் இவைதான் என்று நீரஜாவுக்குத் தெரிந்தது. முதல் தடவையாக அவள் ஒரு சொல்லைத் தானே படித்துவிட்டாள்.

ஹம்சினி பூனையைத் தன் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து ரூபீனாவிடம் கொடுத்தாள். ரூபீனா சத்தம் போடாமல் அழுதாள்.

துரைராஜ் உள்ளே போய்ச் சுவரின் முன் குந்திக் காகிதப் பூனையைப் பார்த்தார். “பேப்பரு. வெறும் பேப்பரு மேடம். இதப் பாத்துக்கினா வந்துச்சி?” விரலால் அதன் வாலைத் தொட்டார். “இன்னா சொல்லுது இது?”

நீரஜா மகளின் பக்கம் திரும்பி, அவர் கேட்டதை உதட்டில் சொன்னாள். ஹம்சினி வாயைத் திறக்கவில்லை. கைகளைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். நீரஜா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லு என்று தலையசைத்தாள்.

ஹம்சினி சொன்னாள். அரை நிமிஷம் அவள் கைகள் காற்றில் போயின, வந்தன, ஒன்றையொன்று தொட்டன. முகமும் சேர்ந்து பேசியது. புருவம் ஏறியது, கன்னம் உப்பியது. துரைராஜுக்கு அதில் ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும், “சர்தான் பாப்பா” என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சொன்னபடியே இயந்திரம் வந்தது. சத்தம் கேட்காமல் இருக்க ரூபீனா சேமியாவைக் குளியலறையில் வைத்துக் கதவிடுக்கில் துணியைச் செருகி, கூடவே தானும் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேளச்சேரியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த பரத்வாஜ் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தபோது, தட்டில் ரசம் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. ஹம்சினி எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் மண்டிபோட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பூனையைப் பற்றி ஆரம்பித்தது, பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, வேனுக்குப் போயிற்று, எங்கெங்கோ போயிற்று. நடுநடுவே நீரஜா கையை உயர்த்தி, இன்னொரு தடவை என்று கேட்டாள். ஹம்சினி மூக்குக்குக் கீழே இரண்டு விரலால் மீசையை இழுத்துக் காட்டினாள். நீரஜாவும் தன் முகத்தில் இழுத்துப் பார்த்தாள். பூனை. அது சரி. அடுத்ததில் அவள் செய்த தப்புக்கு ஹம்சினி மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள்.

பரத்வாஜ் செருப்பைக் கழற்றக்கூட மறந்து வாசலிலேயே நின்றான்.

“என்ன சொல்றா?”

நீரஜா மகளின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியல. நாலுல ஒண்ணு புரியறது. ஆனா நெறையச் சொல்றா” என்றாள். “ஆத்துக்குள்ள வா. வந்து நீயும் உக்காரு.”